புது ஸ்பீக்கரின் ஒலி காதில் ஒட்டவில்லையா? பொறுப்பதா, நகர்த்துவதா, திருப்பிக் கொடுப்பதா

பல வருடம் ஓடிய 2.1 செட்டையோ (இரண்டு சிறு பெட்டி, ஒரு பாஸ் பெட்டி) சென்னை ரிச்சி தெருவில் பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்த பெட்டிகளையோ ஓரம்கட்டிவிட்டு, நாற்பது ஐம்பதாயிரம் போட்டு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்குகிறவர்களில் பலருக்கு முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் போகிறது. "பாஸ் எங்கே போச்சு?" என்பது ஒரு புகார். "ஸ, ஷ வந்தாலே காதைக் குத்துது" என்பது இரண்டாவது. "சில பாட்டுக்கு மட்டும் அறையே குமுறுது" என்பது மூன்றாவது. கடையில் கேட்டால் மூன்றுக்கும் ஒரே மருந்து: "நூறு மணி நேரம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்."

முதல் புகாருக்கு இந்த மருந்து ஓரளவு கேட்கும். மற்ற இரண்டும் காத்திருந்து தீருபவை அல்ல. காத்திருக்கும் நாட்களில் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவும் கரைந்துகொண்டிருக்கும். பொறுத்திருப்பது, ஸ்பீக்கரையும் இருக்கையையும் நகர்த்துவது, அறையைத் திருத்துவது, ஈக்வலைசர் போட்டு குறிப்பிட்ட அலைவெண்களை ஏற்றி இறக்குவது, ஸ்பீக்கரையே மாற்றுவது என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. எந்தக் குறைக்கு எது என்று தெரியாமல் ஐந்தையும் கலந்து செய்தால், எது பலித்தது என்பது கடைசிவரை தெரியாது.

முதலில் பின்பக்கம் பாருங்கள்

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் தாழ் ஒலி தரும் பெரிய கூம்புகளான வூஃபர்கள் இரண்டும் எதிரெதிராக அசையும். தாழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பக்கமிருந்து கம்பியைக் கழற்றி, பேட்டரியின் நேர்முனையைச் சிவப்புக் கம்பியிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அப்படித் தள்ளினால் இணைப்பு சரி.

நான்கு முனை உள்ள ஸ்பீக்கரில் மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்க்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால் ட்வீட்டரோ (ட்ரெபிள் தரும் சிறிய பகுதி) வூஃபரோ ஊமையாகிவிடும். பழைய மங்கலான பெட்டிகளுக்காக ஏற்றிவைத்த ட்ரெபிள் குமிழ் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்; இதை மறப்பவர்கள் நிறைய. கம்பியைப் பொறுத்தவரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் ஓடினால் போகவரச் சேர்த்து 0.12 ஓம்தான் வரும், அது போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள் மேலே சொன்ன மூன்று குறைகளில் ஒன்றையும் தீர்க்காது.

மொட்டை மாடியில் ஒரு மாலை

குறை ஸ்பீக்கரிலா அறையிலா என்று பிரிக்க நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு. மழை இல்லாத நாளில் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் மொட்டை மாடிக்கு ஏற்றி, கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மீது வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே கூரை இல்லை, சுவர் எதிரொலி அநேகமாக இல்லை. கீழே குமுறிய பாட்டு மேலே குமுறவில்லை என்றால் குற்றம் அறையுடையது. கீழே குத்திய ஸ மேலேயும் அதே அளவு குத்தினால் ஸ்பீக்கருடையது, அல்லது அந்த ஒலிப்பதிவுடையது. இரண்டு மூன்று வெவ்வேறு பதிவுகளை ஓட்டினால் அதுவும் தெளிந்துவிடும். பாஸின் அளவை மட்டும் மாடியில் எடைபோட வேண்டாம். சுவர் தரும் கூடுதல் இல்லாததால் எந்த ஸ்பீக்கரும் அங்கே மெலிந்தே ஒலிக்கும். மாடிக்குத் தூக்க முடியாதவர்கள் ஸ்பீக்கர்களை அறை நடுவுக்கு இழுத்து, ஒரு மீட்டர் நெருங்கி உட்கார்ந்து கேட்கலாம். முடிவு அவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் ட்ரெபிளைப் பொறுத்தவரை நம்பலாம்.

பொறுத்திருந்தால் மாறுவது எது

புது வூஃபரின் விளிம்பு ரப்பரும் உள்ளே கூம்பைத் தாங்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் ஓட ஓடக் கொஞ்சம் தளரும் என்பது உண்மை. அதன் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அலைவெண், சில ஹெர்ட்ஸ் இறங்கும். ஆனால் இதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றின் விறைப்பு ரப்பரின் விறைப்பைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், கடைசியில் காதுக்கு வரும் ஒலியில் இந்த மாற்றம் மிகச் சிறியது. ட்வீட்டரின் கூர்மை நூறு மணி நேரத்தில் மழுங்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

உண்மையில் பழகுவது காதுதான். மலிவான 2.1 செட்டுகளில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு இருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனாலும் அந்த மேடு பாஸ் நிறைய இருப்பதாகத் தோன்றவைக்கும். மலிவானவற்றில் மட்டும்தான் என்றில்லை. 1970களில் பிபிசி தன் சிறிய கண்காணிப்பு அறைகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற புகழ்பெற்ற குட்டி ஸ்பீக்கரிலும் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அப்படியொரு மேடு உண்டு. வருடக்கணக்கில் அந்த மேட்டோடு கேட்டவருக்குச் சமமான ஸ்பீக்கர் சப்பையாகத்தான் தெரியும். இரண்டு வாரம் புதியதை மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு ஒரு மாலை பழையதை ஓட்டுங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் பேஸ் கிடாரும் பழைய பெட்டியில் ஒரே "தும்" ஆகக் கேட்டால் காது பழகிவிட்டது என்று பொருள். அப்போதும் பழையதுதான் பிடிக்கிறது என்றால் அது உங்கள் ருசி. அதற்கு ஈக்வலைசரில் இடமுண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஒப்பீட்டில் இரண்டு பொறிகள். ஒன்று ஒலியளவு: ஒரு டெசிபெல் கூடுதலாக ஓடும் ஸ்பீக்கரைக் காது "தரம் கூடியது" என்றே எடுத்துக்கொள்ளும். பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓட்டி, போனில் டெசிபெல் ஆப்பை இருக்கையில் அசையாமல் வைத்து, இரண்டும் அரை டெசிபெல்லுக்குள் வரும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள். போன் காட்டும் எண் தவறாக இருக்கலாம். வித்தியாசத்தைச் சரியாகக் காட்டும், நமக்கு அதுதான் வேண்டும். இரண்டு, கண்: ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது தந்த மதிப்பெண்ணும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது தந்த மதிப்பெண்ணும் வேறுபட்டன. பழகிய கேட்பாளர்களும் இதற்கு விலக்கில்லை. வீட்டில் யாராவது மாற்றி மாற்றி ஓட்ட, நீங்கள் கண்ணை மூடிக்கொள்வது போதும்.

இன்னொன்று, இரவில் குழந்தை தூங்கும்போது மெதுவாக வைத்துக் கேட்பவர்களுக்கு. ஒலியளவு குறையக் குறைய நம் காதுக்குத் தாழ் ஒலிகள் வேகமாகத் தேய்கின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய செட்டில் இருந்த லவுட்னஸ் பொத்தானின் வேலை இதை ஈடுகட்டுவதுதான். புது ஆம்ப்ளிஃபயரில் அது இல்லாவிட்டால் மெல்லிய ஒலியில் பாஸ் குமிழை 4, 5 டெசிபெல் ஏற்றலாம். இதில் காது பழக ஒன்றுமில்லை, எத்தனை மாதம் ஆனாலும் அப்படித்தான் கேட்கும்.

நகர்த்துவது: காசில்லாத வழி, பலன் அதிகம்

நம் ஊரில் சாதாரணமான 10க்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்வோம். கூரை உயரமும் 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, சில குறிப்பிட்ட அலைவெண்களில் வீங்கும். ரூம் மோட் என்பார்கள். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸிலும் அதன் இரு மடங்கான 95இலும் வரும். 10 அடி அகலத்துக்கு 57. உயரமும் 10 அடி என்பதால் அதே 57 இரண்டாவது முறையும் வருகிறது. பேஸ் கிடார் ஆறு கட்டை சுருதியைத் தாழ்ஸ்தாயியில் தொட்டால் 55 ஹெர்ட்ஸ், ஆறரைக் கட்டை என்றால் 58. சில பாட்டுக்கு மட்டும் அறை குமுறுவதன் காரணம் இதுதான். அடுத்த பாட்டு நான்கு கட்டையில் இருந்தால் அந்தக் குமுறல் இருக்காது.

இதில் நம் கையில் இருப்பவை இரண்டு. ஸ்பீக்கர்கள் இரண்டையும் 10 அடிச் சுவரின் பக்கம், அறையின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் வைத்து, நீங்களும் அதே கோட்டில் உட்கார்ந்தால் அகலத்தின் 57 பெரும்பாலும் எழும்பாது, உயரத்தின் 57 மட்டும் மிஞ்சும். கதவு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒன்றை மூலையிலும் மற்றதை ஜன்னலோரமும் வைத்தால் இரண்டும் சேர்ந்து எழும்பும்.

மற்றது இருக்கை. நம் வீடுகளில் சோபா சுவரை ஒட்டித்தான் கிடக்கும். நீளவாட்டு மோட்கள் எல்லாம் உச்சத்தில் இருக்கும் இடம் அந்தச் சுவரே. சோபாவை முன்னால் இழுத்து, தலை சுவரிலிருந்து 2 அடி தள்ளி வந்தால் 95 ஹெர்ட்ஸ் மோட் 6 டெசிபெல் குறையும். 48க்கு அந்த நகர்வு போதாது, ஒரு டெசிபெல்தான் இறங்கும். 4 அடி தள்ளினால் அதுவும் 6 குறையும். சரியாக நடுவில், 6 அடியில் உட்காரக் கூடாது. அங்கே 48 காணாமல் போய்விடும், பாஸ் செத்துவிட்டது என்று புதுப் புகார் கிளம்பும்.

ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் வேறு வேலை செய்கிறது. பின்னால் போய்த் திரும்பும் ஒலி, நேர் ஒலியோடு எதிர்க்கட்டத்தில் சேர்ந்து அதை அழிக்கும் அலைவெண்ணில் பள்ளம் விழும். வூஃபர் முகப்பு சுவரிலிருந்து 50 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் சுமார் 175 ஹெர்ட்ஸில், 75 என்றால் 116இல். ஆண் குரலின் கனமும் தொப்பியின் உடலும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன, அதனால் பள்ளம் விழுந்தால் "மெலிந்துவிட்டது" என்று தோன்றும். பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றுக்கும் வூஃபரிலிருந்து ஒரே தூரம் அமைந்துவிட்டால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழும். தரைக்கு 80, பின்சுவருக்கு 50, பக்கச்சுவருக்கு 65 என்று மூன்றையும் பிரித்து வையுங்கள்.

நகர்த்தும்போது ஒரு முறைக்கு 10 சென்டிமீட்டர், ஒரே திசையில், ஒவ்வொரு இடத்தையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டு செல்லுங்கள். பின்பக்கத் துளை உள்ள ஸ்பீக்கரில் துளைக்கும் சுவருக்கும் 15 சென்டிமீட்டராவது வேண்டும். அப்படியும் குமுறினால் கூட வந்த ஃபோம் அடைப்பைத் துளையில் செருகிப் பாருங்கள். அடைப்பு வரவில்லை என்றால் சுருட்டிய காலுறை போதும், துளைக்குள் விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் அது 90 சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவில்; பெரும்பாலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 24 அங்குல ஸ்டாண்ட் சரியாக வரும். பாயில் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் என்றால் ஸ்டாண்டும் தாழ வேண்டும். டிவி யூனிட்டின் வெற்றுப் பலகை மேல் வைத்தால் பலகையும் சேர்ந்து பாடும். குத்தும் புகாருக்கு இங்கே இலவச மருந்து ஒன்று இருக்கிறது: இரண்டு ஸ்பீக்கர்களும் நேராக உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்தால், அவற்றின் பார்வைக் கோடுகள் தலைக்குப் பின்னால் ஒரு மீட்டரில் சந்திக்கும்படி சற்று வெளியே திருப்புங்கள். பெரும்பாலான ட்வீட்டர்களில் ட்ரெபிள் அச்சிலிருந்து விலக விலக இறங்கும்.

அறையைத் திருத்துவது

விட்ரிஃபைடு டைல், பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. இதில் எதுவும் ஒலியை உறிஞ்சாது. மேலே சொன்ன அறை காலியாக இருந்தால், பரப்பெல்லாம் 3 சதவீதம் உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டாலும் எதிரொலி அடங்கக் கிட்டத்தட்ட 3 நொடி ஆகும். இசைக்கு 0.4 நொடி அளவில் வேண்டும். அதற்குச் சுமார் 150 சதுர அடி முழு உறிஞ்சு பரப்பு தேவை. படுக்கையறையில் மெத்தையும் துணி அலமாரியும் அதில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியும் கண்ணாடி டீப்பாயும்தான் என்றால், எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் குத்தத்தான் செய்யும். பழைய செட்டில் ட்ரெபிளே குறைவாக இருந்ததால் இது வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதை வைத்துச் சோதியுங்கள். நீங்கள் இருக்கையில் உட்கார, இன்னொருவர் பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். ட்வீட்டர் கண்ணாடியில் தெரியும் இடமே முதல் எதிரொலி விழும் இடம். அந்த இரு இடங்களிலும் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து, முன்னால் தரையில் கனத்த ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரித்துக் கேளுங்கள். குத்தல் அடங்கினால் அங்கே பணம் போடலாம். 2க்கு 4 அடி மரச்சட்டத்தில் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தி, மேலே பருத்தித் துணி. துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று எளிதாகப் புக வேண்டும், ரெக்சின் கூடாது. சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி மாட்டினால் உறிஞ்சுவது கீழ் அலைவெண்ணுக்கும் நீளும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் துணியில் ஏறி பூஞ்சை பிடிக்காது. வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். ஒரு அங்குல ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டுவதும் வீண் செலவு. அது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் தின்றுவிட்டு, கீழே குமுறலை அப்படியே விட்டுவிடும். உயிரும் போய்விடும், நோயும் இருக்கும். தவிர, 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். நாலங்குல ராக்வூல் அதைத் தடுக்காது. குமுறலுக்கு இந்த வழி பொருந்தாது என்பதை முன்பே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஈக்வலைசர்

குமுறலுக்குப் பொருந்துவது இது, ஆனால் இருக்கையை நகர்த்திய பிறகு. யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். மைக்கின் திருத்தக் கோப்பை ஏற்றி, காது இருக்கும் இடத்தைச் சுற்றி ஆறேழு புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். நம் அறை அளவுக்கு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறையின் ஆட்சி, திருத்தத்தையும் அங்கேயே நிறுத்துங்கள். மேட்டை வெட்டலாம்: உதாரணமாக 57 ஹெர்ட்ஸ், 7 டெசிபெல் குறைப்பு, க்யூ 6 (வெட்டின் அகலத்தைச் சொல்லும் எண்; கூடக் கூட வெட்டு குறுகும்). பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். 10 டெசிபெல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தர வேண்டும், அப்படித் தந்தாலும் ஒலி அதே அளவில் அழிந்துகொண்டே இருக்கும்.

அதிகம் நடக்கும் தவறு வேறு. இருக்கையில் அளந்த கோடு மேலே போகப் போக மெல்லச் சரிந்திருப்பதைப் பார்த்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக்கிவிடுவார்கள். நல்ல ஸ்பீக்கர் அறைக்குள் அப்படிச் சரிவதுதான் இயல்பு. தட்டையாக்கினால் குத்தல் புதிதாக வந்து சேரும். மேல் பகுதியில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றிரண்டு டெசிபெல் அகலமாகக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விண்டோஸ் கணினியில் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். வைம் போன்ற ஸ்ட்ரீமர்களில் பாராமெட்ரிக் ஈக்வலைசர் (அலைவெண், அளவு, அகலம் மூன்றையும் நாமே வைப்பது) உள்ளேயே வருகிறது. ரெக்கார்டு பிளேயரும் சிடியும் நேரடியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகின்றன என்றால் நடுவில் மினிடிஎஸ்பி போல ஒரு பெட்டி வேண்டும்.

மாற்றுவது

ஸ்பீக்கரைக் கை கழுவும் முன் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகியுங்கள். மெதுவாக ஓடும்போது இனித்து, ஏற்றினால் மட்டும் குத்துகிறது என்றால் வாட் போதவில்லை. பழைய பெட்டியின் உணர்திறன் (ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) 90 டெசிபெல், புதியது 85 என்றால் அதே சத்தத்துக்கு மூன்று மடங்குக்குச் சற்று மேல் வாட் வேண்டும். கெஃப் எல்எஸ்50 மெட்டா 85 டெசிபெல்தான், மின்தடையும் ஓரிடத்தில் 3.5 ஓம்வரை இறங்குகிறது. அட்டையில் அச்சடித்த ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய எண்ணை மறந்துவிட்டு, 4 ஓமில் எத்தனை வாட் தொடர்ந்து தரும் என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமில்லை என்றால், ஐந்தங்குல வூஃபரிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. சப்வூஃபர் (பாஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதற்கும் மேலுள்ளதை ஸ்பீக்கருக்கும் பிரித்து விடுவது, இன்னொரு ஜோடி புக்‌ஷெல்ஃப் வாங்குவதைவிட நல்லது.

மொட்டை மாடியில் குத்தியது, அச்சிலிருந்து திருப்பியும் குத்துகிறது, 2 டெசிபெல் குறைத்தும் அரை மணியில் தலை கனக்கிறது என்றால் திருப்பிக் கொடுங்கள். அதற்குக் காது பழகும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பெட்டி பிரித்த ஆடியோ சாமானைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் தயங்கும். பழுதுக்கு மட்டும் மாற்றித் தருவது வேறு, பிடிக்காததற்குத் திரும்பப் பெறுவது வேறு. இரண்டில் எது என்பதை பில் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி, தெர்மாகோல், துளை அடைப்பு, பித்தளைத் தகடு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பின்னால் இரண்டாம் கையாக விற்க நேர்ந்தாலும் அவற்றுக்கு விலை உண்டு. டெமோ ஜோடியை இரண்டு நாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கடை கிடைத்தால், அடுத்த ஸ்பீக்கரை அங்கே ஓரிரு ஆயிரம் கூடக் கொடுத்தே வாங்கலாம்.